கஸ்தூரி கெடுக்காத கணினி

படிப்பகத்துக் கணினியைக் கெடுத்தவன் நான். கஸ்தூரி அல்லள்.

இவ்விரண்டு தொடர்களை எழுத எனக்கு இரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. வாழ்நாளெல்லாம் தமிழாசிரியனாக இருந்து, பிறர் எழுதியவற்றில் பிழை தேடியே நரைத்தவன் நான். இந்த ஒன்றை மட்டும் எழுதத் துணிவில்லாதிருந்தேன். "கணினி கெட்டுவிட்டது" என்றே எல்லாரிடமும் சொல்லி வந்தேன். கெடுத்தது யாரென்று எவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை... அவர்கள் முன்பே முடிவு கட்டிவிட்டார்கள்.

நீங்கள் யாரென்று அறியேன். என்னை நேரில் காணப் போகிறவரும் அல்லர். அதனாலன்றோ உங்களிடம் இதைச் சொல்ல இயலுகிறது!

எங்கள் படிப்பகம் கோலார் தங்க வயலில், ஸ்கெலட்டன் பகுதியின் வீட்டு வரிசைகள் முடியுமிடத்தில் இருக்கிறது. தகரக் கூரை. நாளிதழ்கள் கிடக்கும் நீள்மேசை ஒன்று, பூட்டில்லாத நூலடுக்கு இரண்டு. தலைவர் ஏகாம்பரம், சுரங்கம் நடந்த காலத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டின் பொறியை ஓட்டியவர். நான் செயலாளர். பட்டம் பெற்றும் வேலை வாய்க்காதிருந்த கஸ்தூரி, நாள்தோறும் வந்து முதியோருக்குப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பாள்.

கணினியைக் கொணர்ந்தவன் திலீபன். எங்கள் தெருக்காரன், பெங்களூரில் கணினி நிறுவனமொன்றில் பணி செய்பவன். அலுவலகம் கழித்துவிட்ட கணினி ஒன்றைத் தன் செலவில் சீர்செய்து, லினக்ஸ் என்னும் இயங்குதளம் நிறுவி, கஸ்தூரியின் பொறுப்பில் விட்டான். அன்று அவன் அவளுக்குச் சொன்னதை நானும் கேட்டேன்.

"ஒரு வருஷம் இந்த மிஷினை நீ ஒண்டியா பாத்துக்கோ, கஸ்தூரி. கெடாம ஓட்டிக் காட்டு. எங்க கம்பெனில வூட்லருந்தே பாக்குற சப்போர்ட் வேலை கீது. நானே சொல்லி உன்ன சேத்து வுடறேன்."

வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை! அவளுக்கு அதன் பொருள் வேறு. தந்தை இல்லை. தாய்க்கு இரு கண்களிலும் பார்வை மங்கி, அடுப்பைத் தொடவே அஞ்சும் நிலை. விடியலில் மாரிகுப்பத்தில் தொடர்வண்டி ஏறிப் பெங்களூர் சென்று இருட்டில் திரும்பும் வாழ்வை அவள் வேண்டாமென்று ஒதுக்கி வைத்திருந்தது தாயின் பொருட்டே. அந்த ஓராண்டுதான் அவள் கையில் இருந்த ஒரே வழி.

அன்றே திலீபன் எங்களுக்குத் தொகுப்பு மேலாளர் என்பதை விளக்கினான். கணினிக்குள் எந்த மென்பொருள் வந்தது, அது எந்தக் கோப்புகளை எங்கே வைத்தது, எது எதைச் சார்ந்து நிற்கிறது என்பவற்றையெல்லாம் பதிந்து வைத்துக் காக்கும் ஏற்பாடு அது.

"ஷாஃப்ட்ல எறங்கறவன் டோக்கனை டைம் ஆபீஸ்ல மாட்டிட்டுத்தானே எறங்குவான்? அப்பத்தானே கீழ எத்தினி பேரு கீறான்னு மேல இருக்கிறவனுக்குத் தெரியும்? இதுவும் அத்த மாதிரிதான். டோக்கன் இல்லாம யாரையும் உள்ள வுடாதீங்க."

"வெளியே கிடைக்கும் ஒன்றை நாமே கையால் நிறுவ நேர்ந்தால்?" என்று கேட்டவன் நான்தான். கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"போடலாங்கய்யா. அதுக்குன்னு லோக்கல்னு தனி எடம் கீது. இல்லாட்டி உங்க ஃபோல்டர்லயே வெச்சி ஓட்டுங்க. மேனேஜர் பாத்துக்கற ஃபைலு மேல மட்டும் கை வெக்காதீங்க. அது வேணாம்னு சொன்னா வேணாம். அடம் புடிச்சி உள்ள தள்ளாதீங்க."

ஆக, அறியாமல் செய்தேன் என்று என்னால் சொல்ல இயலாது. பாடம் என் காதில் விழுந்தது. அதை மறக்கும் அளவுக்கு நான் முதியவனும் அல்லன்.

பத்துத் திங்கள் கழிந்தன. கஸ்தூரி தவறவே இல்லை. வெள்ளிதோறும் மாலையில் கணினியைப் புதுப்பிப்பாள். முடிந்ததும் சுவரிலுள்ள நாட்காட்டியில் அந்த நாளைச் சுற்றி ஒரு வட்டம் போடுவாள். திரையைத் துடைப்பதற்கென்றே ஒரு துணி வைத்திருந்தாள். அதை வேறொருவர் தொட்டால் முகம் சுருங்கும்.

நானோ நூலொன்றை முடிக்கும் முனைப்பில் இருந்தேன். சுரங்கத்தில் வழங்கிய ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் தூய தமிழ் நிகரன்கள் கண்டு தொகுத்த நூல். ஏகாம்பரத்துக்கு அது ஓயாத நகைப்பு.

"வாத்தியாரே, ஷிப்ட்டுக்கு இன்னா பேரு வெச்சிகிறே?"

"பணிமுறை."

"பணிமுறையா? அந்தப் பேர சொல்லிச் சங்கு ஊதியிருந்தா ஒருத்தனும் எழுந்தே இருக்க மாட்டான். கோலாரே அம்பது வருசம் முன்னால மூடியிருக்கும்."

கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள்ளே சுடும். நூல் வெளிவந்ததும் இவர்கள் வாயடைப்பார்கள் என்று எண்ணிக்கொள்வேன்.

அச்சகத்துக்குப் பக்கங்களை அனுப்ப வேண்டிய தறுவாயில் தடை ஒன்று முளைத்தது. கணினியிலிருந்த பக்க வடிவமைப்பு மென்பொருள் பழைய பதிப்பு. பக்கங்களை அச்சுக்கோப்பாக மாற்றினால் சில எழுத்துகளில் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமும் பிரிந்து நின்றன. தமிழ் நூலொன்றில், அதுவும் என் நூலில்! புதிய பதிப்பில் அக்குறை தீர்ந்துவிட்டதென்று இணையத்தில் படித்தேன். தொகுப்பு மேலாளரிடம் அப்புதிய பதிப்பு வந்து சேரவில்லை.

கஸ்தூரியிடம் சொன்னேன்.

"அது வெளியேருந்து போடறதுங்கய்யா. ஞாயித்துக்கெழம திலீப்பண்ணன் வருவாரு. கேட்டுட்டுப் போட்டுக்கலாம். ரெண்டு நாளுதானே."

இரண்டு நாள்தான். ஆனால் மறுநாளே அனுப்புவதாக அச்சகத்தாரிடம் நான் சொல்லியிருந்தேன். அதைவிட, நேற்றுவரை என்னிடம் 'ஐயா, இந்தச் சொல் சரியா' என்று கேட்டுக்கொண்டிருந்தவள் என்னைக் காத்திருக்கச் சொன்னது... எனக்குத் தைத்தது. இவ்வளவு சிறியதுதான் அது. சிறியது என்பதால்தான் எழுதக் கூசுகிறது.

மறுநாள் நண்பகல் அவள் தாய்க்குச் சோறிட வீட்டுக்குப் போயிருந்தாள். 'நான் இல்லாதப்ப அவசரம்னா வேணும்' என்று அவளே எனக்குக் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தாள். நான் கணினியின் முன் அமர்ந்தேன்.

இணையப் பக்கத்தில் இரண்டு வழிகள் சொல்லப்பட்டிருந்தன. ஒன்று, தன்னளவில் தனித்து இயங்கும் வடிவம். அதை என் கோப்புறையில் வைத்து இயக்கினால் போதும். தொகுப்பு மேலாளருக்கு அதனால் எந்த இடரும் இல்லை. ஆனால் கோப்பு பெரியது. எங்கள் இணைப்பில் மாலைவரை இறங்கும். மற்றொன்று, லினக்ஸின் அடுத்த வெளியீட்டுக்கென ஆக்கிய தொகுப்பை எடுத்து இதில் நிறுவுவது. விரைவானது. அதன் கீழே, செய்யாதீர்கள் என்ற எச்சரிக்கையும் இருந்தது.

இரண்டாவதைத் தேர்ந்தேன்.

மேலாளர் மறுத்தது. எல்லா மென்பொருள்களும் பொதுவாகச் சார்ந்து நிற்கும் அடிப்படைக் கோப்புத் தொகுதி ஒன்று உண்டு. அது இப்போது இருப்பதினும் புதியதாக வேண்டும் என்றது. அந்தப் புதிய அடிப்படைத் தொகுதியையும் தேடி எடுத்தேன். அதையும் ஏற்க மறுத்தது. வலிந்து திணிக்கும் கட்டளை ஒன்று இருப்பதைக் கண்டேன். அச்சொல்லைச் சேர்த்து மீண்டும் கட்டளையிட்டேன்.

திணித்துவிட்டேன். மென்பொருள் திறந்தது. கொம்பும் காலும் தத்தம் இடத்தில் பொருந்தி நின்றன. கஸ்தூரி திரும்பி வருவதற்குள் அச்சுக்கோப்பை அனுப்பிவிட்டு, மேசைக்கு வந்து நாளிதழை விரித்துக்கொண்டேன்.

அவளிடம் சொல்லவில்லை. என்ன கெட்டுவிட்டது, எல்லாம் இயங்குகிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், எனக்குப் பின்னர்தான் விளங்கியது. இத்தகைய கேடு செய்தவன் கையில் வெடிப்பதில்லை. அடுத்து நேர்மையாக அந்த மேலாளரை அழைக்கிறவர் கைக்காகக் காத்திருக்கும்.

அந்த ஞாயிறு திலீபனுக்கு வர இயலவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. மாலை. நான் நீள்மேசையில் அச்சகத்திலிருந்து வந்த படிகளில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"ஐயா, கொஞ்சம் வந்து பாருங்களேன். எப்பவும் கேக்காதத கேக்குது."

"என்ன கேட்கிறது, அம்மா?"

"இன்னாமோ ஒடைஞ்சி கீதாம். சரி பண்ற கமாண்டையும் அதுவே குடுத்துச்சி. அத்த போட்டா, பாருங்க, இவ்ளோ பெரிய லிஸ்ட்டு. இதெல்லாத்தியும் எடுத்துடுமாம். வேணும்னா ஒரு வரியை முழுசா டைப் அடிக்கணுமாம்."

எழுந்து சென்று பார்த்தேன். நீக்கப்படவிருந்தவற்றின் பட்டியல் திரையை நிறைத்திருந்தது. நான் திணித்த அடிப்படைத் தொகுதியோடு ஒத்துப்போகாதவை அனைத்தும் அதில் இருந்தன. கணினி எழுந்து நிற்பதற்கே இன்றியமையாதவையும் இருந்தன. கேடு விளையலாம் என்ற எச்சரிக்கையும் இருந்தது. அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு தொடர். 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்பது அதன் பொருள். தெரிந்தே செய்கிறோம் என்பதற்குச் சான்றாக அதை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்ய வேண்டும்.

"திலீப்பண்ணனுக்கு ஒரு ஃபோன் போட்டுட்டு அடிக்கட்டுங்களா?"

நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்தக் கணத்தைத்தான். திலீபனை அழைத்தால் அவன் கேட்கும் முதற்கேள்வி, வெளியிலிருந்து எதையாவது நிறுவினீர்களா என்பதாகவே இருக்கும். அவள் இல்லையென்பாள். அவன் பதிவைப் பார்க்கச் சொல்வான். ஆறு நாளுக்கு முன், நண்பகலில், அவள் வீட்டிலிருந்த வேளையில்... எல்லாம் தெரிந்துவிடும். ஒருவேளை நிறுத்தாமல் விட்டால் தானே சரியாகிவிடுமோ என்றும் எண்ணினேன். உண்மையில் எண்ணினேனா? இல்லை, எண்ணியதாகப் பின்னால் புனைந்துகொண்டேனா? இன்றுவரை எனக்கே தெளிவில்லை.

"அவன் பணியில் இருப்பான். கேட்டபடி தட்டச்சு செய்" என்றேன்.

அவள் செய்தாள். கணினி ஏற்கவில்லை. நான் அவள் தோளுக்குப் பின்னே குனிந்து பார்த்தேன்.

"காற்புள்ளியை விட்டுவிட்டாய். இறுதியில் வியப்புக்குறியும் வேண்டும்."

ஆம்... என் குற்றத்துக்கே மெய்ப்புத் திருத்திக் கொடுத்தேன்! அவள் திருத்தினாள். "இப்ப எடுத்துக்கிச்சிங்கய்யா" என்று மகிழ்ந்தாள். வரிகள் ஓடின. சிறிது நேரத்தில் திரை கறுத்தது. நிறுத்தி மீண்டும் இயக்கினோம். வெண்ணிற எழுத்தில் இரண்டு வரிகள் வந்து நின்றன. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

ஞாயிறன்று திலீபன் வந்தான். ஏகாம்பரமும் இருந்தார். கஸ்தூரி சுவரோரம் நின்றாள். நாற்காலி இருந்தும் அமரவில்லை.

"வெளியேருந்து எத்தையாவது போட்டியா?"

"இல்லண்ணா."

"வார்னிங் போட்டிருக்குமே. படிச்சியா இல்லியா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டுமா அடிச்சே?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒருமுறை. அப்பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. பாவம், இவருக்கு இதெல்லாம் தெரியாது, இவரை எதற்கு இழுப்பது என்ற இரக்கமே இருந்தது.

"அவசரத்துல அடிச்சிட்டேண்ணா. என் தப்புதான்."

திலீபன் என் பக்கம் திரும்பினான். "ஐயா, நீங்க கூட இருந்தீங்களா?"

"நான் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன்" என்றேன்.

பொய்யில்லை. பொய்யைவிட இழிந்தது அது.

எங்கள் கோப்புகளெல்லாம் தப்பியிருந்தன. அவற்றைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, கணினியைத் துடைத்துப் புதிதாக நிறுவ முனைந்தான். தொடங்குமுன் ஒரு கணம் தயங்கினான்.

"பழைய லாகை, அதான் உள்ள நடந்ததெல்லாம் பதிஞ்சி கீற ஃபைலை, எடுத்து வெக்கட்டுங்களா? ஒக்காந்து பாத்தா எப்பலருந்து கெட்டுதுன்னு தெரியும்."

"செத்தவனுக்கு இன்னாத்துக்குடா ஜாதகம்?" என்றார் ஏகாம்பரம்.

"தேவையில்லை, தம்பி" என்றேன் நான்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் அறிந்தே சொன்னேன். சான்று அழிந்தது.

பிறகு ஏகாம்பரம் கஸ்தூரியை அருகில் அழைத்தார். அவர் கடுமையானவர் அல்லர். ஆனால் பொறி ஓட்டிய காலத்துச் சட்டம் ஒன்றை நெஞ்சில் சுமப்பவர். கூண்டை ஒருமுறை அளவுக்கு மீறி இழுத்துவிட்ட ஓட்டுநரை மீண்டும் அந்த இருக்கையில் அமர்த்துவதில்லை; யார் வந்து பரிந்து பேசினாலும் சரி. கூண்டுக்குள் இருப்பவை உயிர்கள் என்பதால் அமைந்த சட்டம் அது. இங்கே கூண்டுமில்லை, உயிருமில்லை. ஆயினும் எங்கள் ஊருக்கு வேறு சட்டம் தெரியாது.

"தப்பா நெனைக்காதம்மா. படிவம் எழுதிக் குடு, வேணாங்கல. மிஷினு கிட்ட மட்டும் இனிமே வேற ஆளு ஒக்காரட்டும். எங்க ரூலு அது."

"சரிங்க மாமா."

திலீபன் வாசலில் செருப்பை மாட்டியபடி சொன்னான். "நானும் இன்னா மூஞ்ச வெச்சிகினு ஆபீஸ்ல சொல்றது, கஸ்தூரி? கேட்டா இத்தத்தானே மொதல்ல கேப்பாங்க. எங்க தப்பு நடந்துச்சின்னு நீயே கண்டுபுடிச்சி வந்து சொல்லு. அப்பால பாக்கலாம்."

அந்த இடத்தில் ஒரு சொல் போதுமாயிருந்தது. ஓராண்டு முடிய இன்னும் இரண்டு திங்களே எஞ்சியிருந்தன. என் வாய் திறக்கவில்லை.

ஏன்? சிறைக்கு அஞ்சினேனா? எனக்கு யார் என்ன செய்திருப்பார்கள்? ஏகாம்பரம் ஒரு திங்கள் கேலி செய்திருப்பார். திலீபன் முகம் சுளித்திருப்பான். அவ்வளவே. 'வாத்தியாருக்குத் தெரியாததும் உண்டு' என்ற ஒற்றைப் பேச்சைத் தாங்க மாட்டாமல், ஒரு பெண்ணின் வழியை அடைத்தேன்.

நூல் வெளிவந்தது. எழுத்துகள் அழகாக இருக்கின்றன என்று பலரும் சொன்னார்கள். முன்னுரையில் கஸ்தூரிக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

இப்போது அவள் விடியல் வண்டியில் போகிறாள். பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறாள். திரும்ப இரவாகிறது. காலையில் தாய்க்குச் சோற்றைத் தட்டிலிட்டு மூடி, தண்ணீர்ச் சொம்பைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். ஒருமுறை அச்சொம்பு உருண்டு, அந்த அம்மையார் மாலைவரை நீரின்றிக் கிடந்ததாக அண்டை வீட்டார் பேசிக்கொண்டனர். நான் கேட்டும் கேளாதவன் போல நடந்தேன்.

சென்ற ஞாயிறு அவள் வீட்டுக்குச் சென்றேன். சொல்லிவிடுவதென்று உறுதி பூண்டே சென்றேன். வழிநெடுகத் தொடர்களை மனத்துள் அடுக்கிக்கொண்டு போனேன்.

தரையில் பாய் விரித்து, யாரோ பயன்படுத்திக் கழித்த மடிக்கணினி ஒன்றை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு குறிப்பேடு.

"வாங்கய்யா, ஒக்காருங்க. அம்மா, வாத்தியார் ஐயா வந்துகிறாரு."

"நல்லா சொல்லுங்க ஐயா இவளுக்கு" என்றார் தாய், என் குரல் வந்த திசை நோக்கி. "ஆறு நாளு தைக்கிறா. ஏழாவது நாளு இந்தப் பொட்டியோட மாரடிக்கிறா. பேச்சுக்கு ஒரு ஆளு இல்ல எனக்கு."

"சும்மா இரும்மா." அவள் குறிப்பேட்டை என் பக்கம் திருப்பினாள். "அதே பழைய வெர்ஷனைப் போட்டுப் போட்டு அப்டேட் பண்ணிப் பாக்கறேங்கய்யா. அன்னிக்கு பண்ணாப்லயே. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும். ஒரு தபாகூட அது அந்த வரியைக் கேக்கவே இல்ல. நல்லாத்தான் ஓடுது. எங்க தப்பு பண்ணேன்னு கண்டுபுடிச்சாத்தானே அண்ணன்கிட்ட போய் நிக்க முடியும்?"

பக்கம் பக்கமாக நாளும் கட்டளையும் குறித்திருந்தாள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரே குறிப்பு: கெடவில்லை.

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? நான் இன்னா மாத்திப் பண்ணேன்? கொஞ்சம் யோசிச்சிப் பாருங்களேன்."

அடுக்கி வந்த தொடர்கள் அனைத்தும் என் நாவில் இருந்தன. தாயின் முகமும் என்னை நோக்கியே இருந்தது. நான் அந்தக் குறிப்பேட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். நெடுநேரம் புரட்டினேன்.

"நினைவில்லை, அம்மா" என்றேன்.

"பரவால்ல, விடுங்க. இன்னிக்கு வேற மாதிரி பண்ணிப் பாக்கறேன்."

அவள் மடிக்கணினியைத் துடைத்து மறுபடியும் நிறுவத் தொடங்கினாள். இடையே எழுந்து போய் எனக்குத் தேநீர் கொணர்ந்து வைத்தாள். நான் அதை முழுவதும் குடித்துவிட்டே எழுந்தேன்.